நெய்த எழுத்து: ஒடுக்கமான பிளாக்லெட்டர் பற்றி ஓர் எளிய அறிமுகம்

சில வருஷங்களுக்கு முன் எங்கள் வீட்டில் ஒரு கல்யாணம். பத்திரிகையின் ஆங்கிலப் பக்கத்தில் மணமக்கள் பெயரைக் கூர்முனை வைத்த பழங்கால எழுத்தில், முழுக்க கேப்பிடலில் போட்டிருந்தார்கள். பார்க்க ராஜ களையாகத்தான் இருந்தது. பெரியப்பா பத்திரிகையைத் தள்ளிப் பிடித்தார், கிட்டப் பிடித்தார், கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். கடைசியில் என்னிடம் கேட்டார்: “பொண்ணு பேரு என்னப்பா?”

அந்த எழுத்தின்மேல் எனக்கு ரொம்ப நாளாகவே பிரியம் உண்டு. அதனால் இன்னும் வருத்தமாகிவிட்டது. அது எப்படிப் பிறந்தது என்று தெரிந்திருந்தால், அதே எழுத்திலேயே அந்தப் பெயரைத் தெளிவாக அச்சிட்டிருக்கலாம்.

டிகிரி சான்றிதழிலும், ஆங்கிலப் பத்திரிகைகளின் தலைப்பிலும், பீர் பாட்டில் லேபிளிலும், கையில் குத்திய டாட்டூவிலும் இந்த எழுத்தைப் பார்த்திருப்பீர்கள். ஆனால் இதைப் பற்றிப் பேசும்போது ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். ஒருவர் ‘ஓல்ட் இங்கிலிஷ்’ என்பார், இன்னொருவர் ‘கோதிக்’ என்பார், மூன்றாமவர் ‘ஹிட்லர் காலத்து எழுத்து’ என்பார். மூன்றிலும் குழப்பம் இருக்கிறது. பொதுப்பெயர் பிளாக்லெட்டர். கறுப்பும் வெள்ளையும் ஏறக்குறைய சரிபாதியாக வருவதால் பக்கமே கறுத்துத் தெரியும் ஐரோப்பிய எழுத்து வகை அது. அதிலேயே மிக நெருக்கமான, ஒடுக்கமான பிரிவைத்தான் இங்கே முக்கியமாகப் பார்க்கப் போகிறோம்.

பஸ் சீட்டும் ஜன்னல் கம்பியும்

மூன்று பேர் உட்காரும் பஸ் சீட்டில் நாலாவதாக ஒருவர் வருகிறார். “கொஞ்சம் தள்ளி உட்காருங்க” என்கிறோம். அதற்காக யாரும் இளைத்துவிடுவதில்லை. நடுவில் இருந்த இடைவெளிதான் காணாமல் போகிறது.

ஒடுக்கமான எழுத்துரு (ஃபான்ட்) என்பதும் இதுதான். கோட்டின் தடிமனை அதிகம் குறைக்காமல், எழுத்துக்குள் இருக்கும் வெற்றிடத்தைக் குறைத்து அகலத்தைச் சுருக்குகிறார்கள். அந்த வெற்றிடத்தை உள்வெளி என்று சொல்வோம். ஆங்கில ‘ஓ’வின் வயிற்றுக்குள் இருக்கும் வெள்ளை, ‘என்’னின் இரண்டு கால்களுக்கு நடுவில் இருக்கும் வெள்ளை, இரண்டுமே உள்வெளிதான்.

இப்போது ஜன்னல் கம்பிகளை நினைத்துக்கொள்ளுங்கள். கம்பி ஒரு அங்குலம், இடைவெளி ஒரு அங்குலம், மறுபடி கம்பி, மறுபடி இடைவெளி. பிளாக்லெட்டரின் ஒடுக்கமான வகை இந்தக் கணக்கில்தான் நிற்கிறது. கோடு எவ்வளவு தடிமனோ, உள்வெளியும் ஏறக்குறைய அவ்வளவு. இரண்டு எழுத்துகளுக்கு நடுவில் விடும் இடமும் அதே அளவு. தூரத்திலிருந்து பார்த்தால் தனித்தனி எழுத்து தெரியாது, பாய் முடைந்ததுபோல ஒரு பரப்புதான் தெரியும். இந்த வகைக்கு டெக்ஸ்டுரா என்று பெயர். லத்தீனில் நெசவு, நெய்தது என்று பொருள் தரும் சொல் அது. அதை விடப் பொருத்தமான பெயரை யாராலும் வைத்திருக்க முடியாது.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கோட்டின் தடிமன் 1 என்று வையுங்கள். ‘என்’ எழுத்துக்கு இரண்டு கோடு, ஒரு உள்வெளி, அடுத்த எழுத்து வரும்வரை ஒரு இடைவெளி. வெள்ளையெல்லாம் 2 அளவு என்றால் மொத்தம் 6. அதையே 1 ஆக்கினால் மொத்தம் 4. அதே தடிமன், அதே உயரம், ஆனால் மூன்றில் ஒரு பங்கு இடம் மிச்சம்.

பட்டை நிப் செய்த வேலை

சரி, இடம் மிச்சமாகிறது. அந்தக் கூர்முனைகள் எங்கிருந்து வந்தன? அதற்கு எழுதுகோலைப் பார்க்க வேண்டும்.

இடைக்கால ஐரோப்பாவில் இறகுப் பேனாவின் நுனியை உளி மாதிரிப் பட்டையாகச் சீவி எழுதினார்கள். ஒரு ஐஸ் குச்சியின் நுனியை நேராக வெட்டி, மையில் தொட்டு, வீட்டிலேயே செய்து பார்க்கலாம். குச்சியைக் கொஞ்சம் சாய்வாகப் பிடியுங்கள், அந்தச் சாய்வை எங்கேயும் மாற்றாதீர்கள். மேலிருந்து கீழே இழுத்தால் தடித்த கோடு வரும். நுனி இருக்கும் திசையிலேயே சாய்வாக நகர்த்தினால் முடி மாதிரி மெல்லிய கோடு வரும். அதற்குக் குறுக்கே கொஞ்சூண்டு இழுத்து எடுத்தால் ஒரு குட்டி வைரம் விழும். அந்த எழுத்துகளின் தலையிலும் காலிலும் இருக்கும் வைர வடிவம் இதுதான். யாரும் உட்கார்ந்து தனியாக அலங்காரம் செய்யவில்லை. பேனாவை வைத்த இடத்திலும் எடுத்த இடத்திலும் தானாக விழுந்த தடம் அது.

இப்போது அதே குச்சியால், இரண்டு குச்சி அகல இடத்துக்குள் ஒரு வட்டம் போட்டுப் பாருங்கள். திரும்ப இடமே இருக்காது. அதனால் எழுதுபவர் வளைவை உடைத்துவிடுகிறார். இறக்கம், ஒரு சாய்வு, பேனாவை எடுத்து மறுபடி இறக்கம், மறுபடி ஒரு சாய்வு. வட்டமாக இருந்த ‘ஓ’ நெடுக்காக நிற்கும் அறுகோணமாக மாறுகிறது. பிளாக்லெட்டர் குடும்பத்தின் அடையாளமே இந்த உடைந்த வளைவுதான். ஜெர்மன்காரர்கள் இந்த எழுத்துகள் எல்லாவற்றையும் சேர்த்து ‘உடைந்த எழுத்து’ என்றே சொல்கிறார்கள்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துப் பிடித்துக்கொள்ளுங்கள்: உள்வெளியைக் கோட்டின் அளவுக்குச் சுருக்கினார்கள், சுருங்கிய இடத்தில் பட்டை நிப் வளைய முடியாமல் வளைவு உடைந்தது, உடைந்த இடத்தில் கூர்முனை வந்தது.

ஏன் நெருக்கினார்கள்?

9ஆம் நூற்றாண்டு வாக்கில், மேற்கு ஐரோப்பாவின் பெரும்பகுதியை ஆண்ட சார்லமேன் மன்னரின் பேரரசு முழுவதும் பரவிய எழுத்து வட்டமானது, காற்றோட்டமானது. அதற்குக் கரோலிஞ்சியன் என்று பெயர். 12ஆம் நூற்றாண்டில் வடக்கு பிரான்சிலும் அதைச் சுற்றிய நாடுகளிலும் அது கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கி, நிமிர்ந்து, உடைந்து பிளாக்லெட்டர் ஆனது. பாரிஸ், பொலோனியா, ஆக்ஸ்ஃபோர்டு எனப் பல்கலைக்கழகங்கள் வளர்ந்த காலம் அது. புத்தகத் தேவை கூடியது. எழுதியதோ பதப்படுத்திய ஆட்டுத் தோலிலும் கன்றுத் தோலிலும். ஒரு பக்கத்தில் எவ்வளவு அதிகம் எழுதலாமோ அவ்வளவு லாபம்.

பெரும்பாலும் இந்த ஒரு காரணத்தோடு நிறுத்திவிடுவார்கள். எனக்கு அதில் முழுத் திருப்தி இல்லை. மிகக் கச்சிதமான டெக்ஸ்டுரா எங்கே கிடைக்கிறது என்று பாருங்கள். தேவாலயத்தில் வைத்துப் பாடிய பெரிய வழிபாட்டு நூல்களில். அவற்றில் நாலு பக்கமும் ஓரம் தாராளமாக விட்டிருப்பார்கள். தோல் மிச்சம்தான் நோக்கம் என்றால் முதலில் ஓரத்தை அல்லவா குறைத்திருக்க வேண்டும்? இடத்துக்காகத் தொடங்கிய நெருக்கம், போகப் போக ஓர் அழகாகப் பிடித்துப்போய்விட்டது என்றுதான் நினைக்கிறேன். நிமிர்ந்த கோடுகளின் வரிசையை அவர்கள் கண் விரும்பியிருக்கிறது.

பதினைந்து கோடுகள்

அந்த அழகுக்கு ஒரு விலையும் இருந்தது. ‘ஐ’, ‘என்’, ‘எம்’, ‘யூ’ எல்லாமே ஒரே மாதிரியான குட்டை இறக்கக் கோடுகளால் ஆனவை. அந்தக் கோட்டுக்கு மினிம் என்று பெயர். ‘ஐ’க்கு 1, ‘என்’னுக்கும் ‘யூ’வுக்கும் 2, ‘எம்’முக்கு 3. ‘மினிமம்’ என்ற ஆங்கிலச் சொல்லை டெக்ஸ்டுராவில் எழுதினால் 15 மினிம்கள் வரிசையாக நிற்கும். எங்கே ஒரு எழுத்து முடிகிறது, எங்கே அடுத்தது தொடங்குகிறது என்று எண்ணித்தான் படிக்க வேண்டும்.

இதைச் சமாளிக்க எழுதுபவர்கள் ‘ஐ’யின் தலைக்கு மேல் ஒரு சின்னச் சாய்கோடு போட்டார்கள். இன்று நாம் ஆங்கில ‘ஐ’க்கு வைக்கும் புள்ளி அதன் வாரிசுதான். மகன் என்ற பொருளில் வரும் ‘சன்’ என்ற ஆங்கிலச் சொல்லில் நடுவில் ‘ஓ’ ஏன் வந்தது என்று பள்ளிக்கூடத்தில் குழம்பியிருப்போம். பழைய ஆங்கிலத்தில் அது ‘யூ’வாகத்தான் இருந்தது. ‘யூ’வும் ‘என்’னும் அடுத்தடுத்து வந்தால் நாலு மினிம் சேர்ந்து குழப்பும் என்பதால் ‘ஓ’ போட்டார்கள் என்பது மொழி ஆய்வாளர்கள் பலர் தரும் விளக்கம். ‘லவ்’ என்ற சொல்லுக்கும் அதே கதைதான்.

ஓலைச்சுவடி படித்தவர்களுக்கு இந்தச் சிக்கல் புதிதாக இருக்காது. ஓலையில் புள்ளி வைக்க மாட்டார்கள். துணைக்காலும் ‘ர’வும் ஒரே மாதிரி இருக்கும். படிப்பவர் சொல்லை ஊகித்துத்தான் படிக்க வேண்டும். எழுதும் கருவிக்கும் எழுதப்படும் பொருளுக்கும் ஏற்ப எழுத்து வளைந்து கொடுக்கும்போது, படிப்பவரும் கொஞ்சம் வளைந்து கொடுக்க வேண்டியிருக்கிறது.

ஒன்றைக் கவனியுங்கள். அந்தக் காலத்து வாசகர்கள் இதைப் பார்த்து நம் அளவுக்குத் திணறியிருக்க மாட்டார்கள். பிறந்ததிலிருந்து பழகிய எழுத்து அது. நமக்குக் கஷ்டமாக இருப்பதற்கு முக்கியக் காரணம் பழக்கமின்மை.

கூட்டன்பர்க் செய்த நெசவு

ஜெர்மனியின் மைன்ஸ் நகரத்தில் 1455 வாக்கில் கூட்டன்பர்க் தன் லத்தீன் பைபிளை அச்சிட்டு முடித்தார். அச்சு என்ற தொழில்நுட்பம் புதுசு, ஆனால் எழுத்து புதுசில்லை. வழிபாட்டு நூல்களில் மக்கள் பார்த்துப் பழகிய டெக்ஸ்டுராவையே அவர் உலோகத்தில் வார்த்தார்.

முதல் சில பக்கங்களில் ஒரு பத்திக்கு, அதாவது பக்கத்தை நெடுக்காகப் பிரித்த ஒரு வரிசைக்கு, 40 வரிகள். அப்புறம் ஒரு பக்கத்தில் 41. அதற்குப் பிறகு 42 என்று நிலைத்துவிட்டது. ‘42 வரி பைபிள்’ என்று பெயர் வந்ததே இப்படித்தான். சுமார் 180 பிரதிகள் அச்சானதாகவும், அவற்றில் பெரும்பங்கு காகிதத்திலும் மீதி தோலிலும் இருந்ததாகவும் கணிக்கிறார்கள். ஒரே ஒரு தோல் பிரதிக்கு 170 கன்றுத் தோல்கள் வரை தேவைப்பட்டிருக்கும் என்பது பரவலான கணக்கு. ஒரு பத்தியில் இரண்டு வரி கூடுவதன் அருமை அப்போது புரியும்.

என்னை வியக்க வைப்பது வேறு விஷயம். ஆங்கிலத்தில் சிறிய, பெரிய எழுத்துகள் எல்லாம் சேர்த்து 52 அச்சு இருந்தால் போதும் என்று நினைப்போம். கூட்டன்பர்க் 300க்கு நெருக்கமான அச்சுகளைச் செய்திருந்தார். ஒரே எழுத்துக்குக் கொஞ்சம் அகலமான அச்சு, கொஞ்சம் ஒல்லியான அச்சு. இரண்டு எழுத்துகளை ஒட்டி வார்த்த கூட்டெழுத்துகள். சொல்லைச் சுருக்கி மேலே கோடு போட்ட குறியீடுகள். வரி ஒவ்வொன்றும் வலது ஓரத்தில் ஒரே நேராக முடிய வேண்டும், அதே சமயம் சொற்களுக்கு நடுவில் ஓட்டை விழக் கூடாது. ஓட்டை விழுந்தால் நெசவில் கிழிசல் மாதிரித் தெரியும். வரிக்கு ஏற்ற அகலத்தைத் தேடி எடுத்து அடுக்கினார்கள். இன்றைய கணினி நிரல்கள் இவ்வளவு நேர்த்தியாக வரி கட்டுவது அபூர்வம்.

பெயர்களில் வந்த வம்பு

இப்போது அந்த மூன்று தவறான பேச்சுகளுக்கு வருவோம்.

‘கோதிக்’ என்பது மறுமலர்ச்சிக் கால இத்தாலிய அறிஞர்கள் வைத்த வசைப் பெயர். ரோமை வீழ்த்திய கோத்துகள் அவர்களுக்குக் காட்டுமிராண்டிகள். வடக்கிலிருந்து வந்தது எதுவானாலும் ‘கோத்துத்தனம்’. கோத் இனத்தாருக்கும் இந்த எழுத்துக்கும் சம்பந்தமே இல்லை. இந்த எழுத்து வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே அவர்கள் வரலாற்றிலிருந்து மறைந்துவிட்டார்கள். அந்த இத்தாலியர்கள் ‘நம் பழைய ரோமானிய எழுத்து’ என்று நம்பிப் பின்பற்றியது கரோலிஞ்சியனை. அதிலிருந்துதான் இன்று நாம் படிக்கும் சாதாரண ரோமன் சிற்றெழுத்து வந்தது. அப்படிப் பார்த்தால் பிளாக்லெட்டரும் ரோமனும் ஒரே பாட்டியின் பேரப்பிள்ளைகள். அமெரிக்க அச்சுத் தொழிலில் ‘கோதிக்’ என்றால் கொம்பு, வால் எதுவும் இல்லாத மொட்டை எழுத்தைக் குறிக்கும். அதனால் எழுத்துருப் பட்டியலில் அந்தப் பெயரை மட்டும் நம்பித் தேடினால் ஏமாற்றம்தான்.

‘ஓல்ட் இங்கிலிஷ்’ என்பதும் கடையில் ஒட்டிய லேபிள்தான். பழைய ஆங்கிலம் என்ற மொழி 12ஆம் நூற்றாண்டோடு முடிந்துவிட்டது. அதை எழுதிய எழுத்து வேறு. பிளாக்லெட்டர் இங்கிலாந்தில் அதன் பிறகுதான் கோலோச்சியது. 1611இல் வந்த ஜேம்ஸ் மன்னர் பைபிளின் முதல் பதிப்பு பிளாக்லெட்டரில்தான் அச்சானது. சட்டப் புத்தகங்களும் அப்படியே. ஐயத்துக்கு இடமில்லாத அடிப்படைச் சட்டத்தை ‘பிளாக்லெட்டர் லா’ என்று வக்கீல்கள் சொல்வது அந்த வழியில் வந்ததுதான்.

மூன்றாவது கதை கனமானது, கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மற்ற நாடுகள் ரோமனுக்கு மாறியபோதும் ஜெர்மனியில் பிளாக்லெட்டர் அன்றாட எழுத்தாகத் தொடர்ந்தது. அங்கே நிலைத்தது டெக்ஸ்டுராவின் தம்பியான ஃப்ராக்டூர். அதில் ‘ஓ’வின் ஒரு பக்கம் உடைந்தும் மறுபக்கம் வளைந்தும் இருக்கும். பேரரசர் முதலாம் மாக்சிமிலியானுக்காக 1513இல் ஆக்ஸ்பர்க்கில் அச்சான பிரார்த்தனை நூல் அதன் தொடக்கப் புள்ளிகளில் ஒன்று. அங்கிருந்து 20ஆம் நூற்றாண்டு வரை கதையும் செய்தியும் பெரும்பாலும் அதில்தான் அச்சாகின. தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு முதலானோர் தமிழகத்தைப் பற்றி எழுதியனுப்பிய ஜெர்மன் அறிக்கைகள் ஹாலே நகரத்தில் புத்தகமாக வந்ததும் இந்த எழுத்தில்தான்.

நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் இதை ‘ஜெர்மானிய எழுத்து’ என்று தூக்கிப் பிடித்தார்கள். 1933ஐ ஒட்டி டானன்பர்க் போன்ற எழுத்துருக்கள் வந்தன. டெக்ஸ்டுராவின் ஒடுக்கத்தை எடுத்துக்கொண்டு, மெல்லிய கோடுகளையும் வைரங்களையும் வழித்துவிட்டு, விறைப்பான கட்டைகளாக நிறுத்தியவை. ராணுவ பூட்ஸை நினைவூட்டியதால் அச்சுத் தொழிலாளர்கள் அவற்றுக்கு ‘பூட்ஸ் எழுத்து’ என்ற பொருளில் பட்டப்பெயர் வைத்தார்கள். அப்புறம் 1941 ஜனவரி 3ஆம் தேதி நாஜிக் கட்சியின் மூத்த நிர்வாகி மார்ட்டின் போர்மன் கையெழுத்திட்ட சுற்றறிக்கை வந்தது. இது ‘யூத எழுத்து’, இனிமேல் பயன்படுத்தக் கூடாது என்றது. அந்தக் குற்றச்சாட்டுக்கு வரலாற்றில் துளி ஆதாரம் கிடையாது. அந்தச் சுற்றறிக்கைத் தாளின் தலைப்பே பிளாக்லெட்டரில் இருந்தது. ஆக, எட்டு வருஷம் தூக்கிப் பிடித்தவர்களே தடையும் போட்டார்கள். எண்ணூறு வருஷ எழுத்தை அந்த எட்டு வருஷத்துக்கு எழுதி வைத்துவிடுவது அநியாயம். அதே நேரத்தில், அந்தக் கட்டை வடிவங்களை ஒரு போஸ்டருக்கு எடுப்பவர் அவை சுமக்கும் நினைவை அறிந்துதான் எடுக்க வேண்டும்.

அதே நாட்டில், அதே ஒடுக்கத்தை வைத்து, வேறு மனசோடும் ஒருவர் எழுத்து வரைந்தார். ஓஃபன்பாக் நகரத்து ருடால்ஃப் கோக் 1920களில் கிளிங்ஸ்போர் எழுத்து வார்ப்பகத்துக்காகச் செய்த வில்ஹெல்ம் கிளிங்ஸ்போர் எழுத்துரு அது. தடித்த கோட்டின் பக்கத்தில் முடியளவு மெல்லிய கோடு, நுனியில் ஒரு சின்னச் சுழி. பேனா நகர்ந்த ஓட்டம் உலோகத்திலும் தெரியும். ஒடுக்கமான பிளாக்லெட்டர் முரட்டுத்தனமானது என்று சொல்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான்.

எங்கே பொருந்தும்?

ஒரு வார்த்தை, ஒரு பெயர், ஒரு தலைப்பு. அவ்வளவுதான் இன்றைய வாசகர்கள் இதில் சிரமமில்லாமல் படிப்பார்கள். நியூயார்க் டைம்ஸ், வாஷிங்டன் போஸ்ட், லண்டன் டெய்லி டெலிகிராஃப் எல்லாம் பெயரை மட்டும் இதில் வைத்துக்கொண்டு செய்தியை ரோமனில் அச்சிடுகின்றன. நியூயார்க் டைம்ஸ் தன் பெயருக்குப் பின்னால் இருந்த முற்றுப்புள்ளியை 1967இல் எடுத்தது. எழுத்தை மட்டும் விடவில்லை. ஜெர்மனியின் ஃப்ராங்க்ஃபுர்ட்டர் ஆல்கெமைனே நாளிதழ் 2007 வரை கருத்துக் கட்டுரைகளின் தலைப்புகளை ஃப்ராக்டூரில் போட்டது. லாஸ் ஏஞ்சல்ஸின் மெக்சிகோ வழி அமெரிக்கர்கள் இதைச் சுவரிலும் தோளிலும் எழுதித் தங்கள் எழுத்தாகவே ஆக்கிக்கொண்டார்கள். கணித நூல்களில் சில அமைப்புகளைக் குறிக்க ஃப்ராக்டூர் எழுத்து இன்றும் வருகிறது.

நீங்கள் பயன்படுத்தும்போது முதலில் விட வேண்டியது முழு கேப்பிடல். பிளாக்லெட்டரின் பெரிய எழுத்துகள் சொல்லின் வாசலில் தனியாக நிற்பதற்காக வரைந்தவை. சிற்றெழுத்துகள் கம்பி வரிசை என்றால் இவை ஆளுக்கொரு கோபுரம். பத்துக் கோபுரத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நெசவும் இல்லை, சொல்லும் இல்லை. எங்கள் பெரியப்பா திணறியதற்கு இதுதான் காரணம்.

அடுத்தது இடைவெளி. அழகுக்காக எழுத்துகளைத் தள்ளித் தள்ளி வைத்தால் பாய் பிரிந்து கோரையாகிவிடும். எழுத்துருவைச் செய்தவர் விட்ட இடைவெளியை அப்படியே விடுங்கள். சாதாரண எழுத்துருவை மவுஸால் பக்கவாட்டில் அமுக்கி ‘ஒடுக்க’மும் ஆக்காதீர்கள். அப்படி அமுக்கும்போது நிமிர்ந்த கோடுகள் இளைக்கும், கிடைக்கோடுகள் அதே தடிமனில் நிற்கும், வைரங்கள் நசுங்கும். பஸ்ஸில் இடைவெளிக்குப் பதில் ஆட்களையே நசுக்கிய மாதிரி. ஒடுக்கமாகவே வரைந்த எழுத்துருவைத் தேடி எடுப்பதுதான் வழி. கூட்டன்பர்க்கின் எழுத்தை ஒட்டி அமெரிக்க எழுத்துரு வடிவமைப்பாளர் ஃப்ரெடெரிக் கௌடி 1928இல் செய்த கௌடி டெக்ஸ்ட் நல்ல டெக்ஸ்டுரா. இலவசமாக வேண்டுமென்றால் கூகுள் ஃபான்ட்ஸில் பைரேட்டா ஒன் இருக்கிறது. திரைக்காக எளிமையாக்கியது என்பதால் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு அதையே சொல்வேன்.

சமூக ஊடகங்களில் பெயரை இந்த எழுத்தில் மாற்றித் தரும் தளங்கள் பற்றியும் ஒரு வார்த்தை. அவை எழுத்துருவை மாற்றுவதில்லை. யூனிகோடில் கணிதத்துக்காக ஒதுக்கிய ஃப்ராக்டூர் குறிகளை எடுத்து வரிசையாக ஒட்டித் தருகின்றன. பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் திரைவாசிப்பான் அதைப் பெயராகப் படிக்காமல் ஒவ்வொரு குறியாகச் சொல்லும், இல்லையென்றால் தாண்டிப் போய்விடும். தேடினாலும் பெயர் கிடைக்காமல் போகலாம். பெயர் நாலு பேருக்குப் போய்ச் சேர வேண்டுமென்றால் அங்கே சாதாரண எழுத்தையே வையுங்கள்.

கல்யாணப் பத்திரிகையோ சான்றிதழோ, அச்சுக்கு அனுப்பும் முன் ஒரு பிரதியை அசல் அளவில் எடுத்து, அந்தப் பெயரை முன்பே தெரியாத ஒருவர் கையில் கொடுங்கள். முதல் பார்வையில் படித்துவிட்டால் அனுப்பலாம். தயங்கினால் எழுத்தின் அளவைக் கூட்டுங்கள். அப்போதும் தயங்கினால், முதல் எழுத்தை மட்டும் பிளாக்லெட்டரில் விட்டுவிட்டு மீதியை ரோமனுக்கு மாற்றுங்கள்.